எதிராளியும் அயலான்தான்

கந்த சஷ்டியின் ஆறாம் நாளில் முருகன் கோயில்களில் சூரசம்ஹாரம் நடக்கும். திருத்தணியில் அது நடப்பதில்லை. சூரனோடு போர் முடித்த முருகன் சினம் தணிந்து அமர்ந்த மலை இது என்பது நம்பிக்கை. அதனால் அன்று இங்கே புஷ்பாஞ்சலி நடக்கிறது. கூடை கூடையாகப் பூக்களைக் கொட்டுகிறார்கள். வென்றவன் கோபத்தைக் கீழே வைத்துவிட வேண்டும் என்பதை ஓர் ஊர் தன் ஆண்டுச் சடங்காகவே காத்துவருகிறது. தோற்றவன் என்ன ஆனான் என்பதும் நமக்குத் தெரிந்த கதைதான். சூரன் மயிலும் சேவலுமாகி, வென்றவனின் வாகனத்திலும் கொடியிலும் இடம்பெற்றான். பகைவனுக்கும் தன் பக்கத்தில் இடம் கொடுத்த வெற்றி அது.

இந்த மலையடிவாரத்துப் பள்ளி மைதானங்களிலும், நகரி, புத்தூர் பக்கம் நீளும் எல்லைக் கிராமங்களிலும் பையன்கள் தமிழும் தெலுங்கும் கலந்து பேசியபடி வாலிபாலும் கபடியும் கிரிக்கெட்டும் ஆடுகிறார்கள். அவர்கள் ஆட்டத்தைக் கற்றுக்கொள்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் கோபத்தைக் கீழே வைக்க யாராவது கற்றுத்தருகிறார்களா? இந்தத் தலையங்கம் அந்தக் கேள்வியைப் பற்றியது. அதற்கு விடை தேடினால் நூற்றைம்பது ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது. நம் பிள்ளைகள் ஆடும் ஆட்டங்களில் பலவற்றை நம்மிடம் கொண்டுவந்தவர்கள் கிறிஸ்தவப் பள்ளிகளையும் சங்கங்களையும் சேர்ந்த ஆசிரியர்கள். பந்தோடு ஒரு நடத்தைப் பாடத்தையும் அவர்கள் கொண்டுவந்தார்கள். பந்து நம்மிடம் தங்கிவிட்டது. பாடத்தை வழியில் எங்கோ தவறவிட்டுவிட்டோம்.

விளையாட்டையும் கிறிஸ்தவ ஒழுக்கத்தையும் இணைக்கும் எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வலுப்பெற்றது. ரக்பி பள்ளியில் 1828 முதல் 1842 வரை தலைமையாசிரியராக இருந்த தாமஸ் ஆர்னால்டின் பெயரோடு அதைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். உண்மையில் ஆர்னால்டு விளையாட்டில் பெரிய ஆர்வம் காட்டியவர் அல்லர். அவருடைய மாணவர் தாமஸ் ஹியூஸ் 1857இல் வெளியிட்ட, டாம் பிரவுன் என்ற சிறுவனின் பள்ளி நாட்களைச் சொல்லும் நாவல்தான் மைதானத்தையும் தேவாலயத்தையும் அருகருகே நிறுத்தியது. வலிமை உள்ளவன் எளியவனைக் காக்க வேண்டும், தோற்றால் முகம் சுளிக்கக் கூடாது, நடுவர் பார்க்காவிட்டாலும் விதியை மீறக் கூடாது என்று ஒரு தலைமுறை ஆசிரியர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் பலர் கப்பலேறி இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தார்கள்.

அட்லாண்டிக்கின் மறுகரையில் இதே எண்ணம் வேறு வடிவம் எடுத்தது. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கம் நடத்திய பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் ஆசிரியராக இருந்தார். மாண்ட்ரியாலில் இறையியல் படித்தவர். 1891ஆம் ஆண்டு குளிர்காலத்தில், அடங்காத ஒரு வகுப்பைக் கூரைக்கடியில் வைத்துச் சமாளிக்க ஓர் ஆட்டம் வேண்டியிருந்தது. இடித்துத் தள்ளும் ஆட்டங்களில் கைகால் உடைவதைப் பார்த்திருந்த அவர், இடிப்பதற்கான காரணத்தையே எடுத்துவிட்டால் என்ன என்று யோசித்தார். பந்தை ஏந்தியபடி ஓடக் கூடாது என்று வைத்தார். ஓடாதவனை மடக்கிக் கீழே தள்ளத் தேவையில்லை. இலக்கைத் தலைக்கு மேலே பத்தடி உயரத்தில் வைத்தார். அங்கே முரட்டு வீச்சு பயன்படாது; நிதானமும் குறியும் வேண்டும். தோளால் இடிப்பது, பிடிப்பது, தள்ளுவது, காலை இடறிவிடுவது, அடிப்பது எல்லாம் அவர் எழுதிய பதின்மூன்று விதிகளில் தடை செய்யப்பட்டன. பீச் பழக் கூடைகளை மாட்டி அந்த டிசம்பரில் ஆடிய ஆட்டம்தான் பாஸ்கட்பால்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1895இல், பக்கத்து ஊரான ஹோலியோக்கில் இன்னோர் ஒய்.எம்.சி.ஏ. ஆசிரியர், வில்லியம் மோர்கன், இன்னும் ஒரு படி மேலே போனார். இரண்டு அணிகளுக்கு நடுவே வலையைக் கட்டிவிட்டார். எதிராளியைத் தொடாமலேயே அவனோடு போட்டியிடலாம் என்று ஆனது. அதுதான் வாலிபால். தமிழ்நாட்டில் களத்துமேட்டிலும் ஏரிக்கரையிலும் இரண்டு கம்பம் நட்டு வலை கட்டி ஆடாத ஊர் குறைவு. பொங்கலுக்கு டியூப்லைட் வெளிச்சத்தில் விடிய விடிய டோர்னமென்ட் நடக்கும். அந்த ஆட்டத்தின் விதிகளுக்குள்ளேயே ஒரு கிறிஸ்தவ ஆசிரியரின் அக்கறை ஒளிந்திருக்கிறது: போட்டி இருக்கட்டும், ஒருவனும் அடிபட வேண்டாம்.

இந்த இரண்டு ஆட்டங்களையும் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. அவற்றை உருவாக்கியவர்கள் நற்குணத்தைப் பற்றி உபதேசம் மட்டும் செய்துவிட்டுப் போகவில்லை. நல்லபடி ஆடுவதற்கு ஏற்றாற்போல ஆட்டத்தையே வடிவமைத்தார்கள். இன்று சிறுவர் விளையாட்டை நடத்தும் நாம் அவர்களிடம் முதலில் கற்க வேண்டியது இதுதான்.

ஆசியாவில் இந்தப் பாடம் வந்த விதம் எல்லா இடத்திலும் அழகாக இல்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஸ்ரீநகரில் சி.எம்.எஸ். மிஷன் பள்ளியை நடத்திய டிண்டேல் பிஸ்கோ 1891இல் அங்கே கால்பந்தை அறிமுகம் செய்தார். பந்து தோலால் ஆனது. பிராமண மாணவர்கள் அதைத் தொட மறுத்தார்கள். ஆசிரியர்களைத் தடியோடு நிறுத்திவைத்து ஆட வைத்தார் பிஸ்கோ. ஒரு பையன் முகத்தில் பந்து பட்டுவிட, தீட்டுப் பட்டுவிட்டது என்று அழுதான். கால்வாயில் முகம் கழுவிவரச் சொல்லி, ஆட்டத்தைத் தொடர வைத்தார். அதே பிஸ்கோதான் மாணவர்களின் மதிப்பெண்களை அறிவுக்கு ஒரு பங்கு, உடலுக்கு ஒரு பங்கு, அயலாரிடம் நடந்துகொள்ளும் விதத்துக்கு ஒரு பங்கு என்று பிரித்தவர். வெள்ளம் வந்தபோது மக்களைக் காப்பாற்றவும், காலரா பரவியபோது தெருவைச் சுத்தம் செய்யவும் மாணவர்களை அழைத்துப்போனவர். அன்பைப் போதிக்க வந்தவர் கையில் தடியும் இருந்தது. காலனிய காலத்து மிஷன் பள்ளிகளின் பெருமையும் குறையும் இந்த ஒரு மனிதரிடத்திலேயே தெரிகிறது.

தமிழர்களிடத்தில் இதன் இனிய முகத்தை யாழ்ப்பாணத்தில் காணலாம். மெதடிஸ்ட் சபை நிறுவிய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும், ஆங்கிலிக்கன் மிஷன் நிறுவிய சென். ஜோன்ஸ் கல்லூரியும் 1904 முதல் கிரிக்கெட்டில் மோதிவருகின்றன. ஊரார் அதை வடக்கின் பெரும் போர் என்கிறார்கள். பெயரில்தான் போர். உண்மையான போர் அந்த மண்ணில் வந்து பல தலைமுறைகளின் வாழ்வைக் குலைத்தது. அதனால் ஏற்பட்ட இடைவெளிகளைத் தாண்டியும் இந்த ஆட்டம் உயிரோடு இருக்கிறது. எதிர் அணி என்ற ஒன்று ஆண்டுதோறும் திரும்பி வர வேண்டும், அது இல்லாவிட்டால் நமக்கும் ஆட்டம் இல்லை என்பதை நூற்றிருபது ஆண்டுகளாக அந்த இரு பள்ளிகளின் பிள்ளைகள் உணர்ந்து வளர்கிறார்கள்.

நம் பக்கம் இந்த வரலாற்றின் மையம் சென்னை. ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1919இல் இந்தியா வந்து, அடுத்த ஆண்டே சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்றும் நடக்கும் அந்தக் கல்லூரியில் பயின்றவர்கள் நாடெங்கும் பள்ளிகளுக்குப் போனார்கள். நம் தாத்தாக்கள் டிரில் மாஸ்டர் என்று அழைத்தவர்களும், நாம் பி.டி. வாத்தியார் என்று அழைப்பவர்களும் அந்த மரபின் வாரிசுகள். பக் வருவதற்கு முன்பு உடற்பயிற்சி என்றால் பெரும்பாலும் கட்டளைக்குக் கையைத் தூக்கி இறக்குவதுதான். ஆட்டத்தின் வழியாகப் பிள்ளையை வளர்க்கலாம், அதற்கென்று முறையாகப் பயின்ற ஆசிரியர் வேண்டும் என்ற எண்ணம் தென்னிந்தியாவில் வேரூன்ற அவர் முக்கியக் காரணம். 1943இல் மறையும் வரை இந்த நாட்டிலேயே பணி செய்தார்.

1924இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை மேலாளராக அழைத்துச் சென்றவரும் பக்தான். மதராஸ் மாகாணத்திலிருந்து தடை தாண்டும் ஓட்டக்காரர் சி. கே. லட்சுமணன் அந்த அணியில் போனார். இந்தியர்கள் அங்கே பதக்கம் எதுவும் வெல்லவில்லை. ஆனால் விளையாட்டுப் பண்புக்கு உலகம் இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்லும் ஒருவர் அதே ஒலிம்பிக்கில்தான் ஓடினார்.

அவர் எரிக் லிடெல். சீனாவில் ஊழியம் செய்த ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்தவர். 100 மீட்டர் ஓட்டத்தின் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்ததால் அதில் ஓட மறுத்தார். பிறகு 400 மீட்டரில் 47.6 விநாடிகளில் ஓடித் தங்கம் வென்றார். இந்தக் கதையைத் திரைப்படமாகப் பார்த்தவர்கள் உண்டு. அவ்வளவாகப் பேசப்படாத ஒரு பழக்கம் அவரிடம் இருந்தது. அந்தக் காலத்து ஓட்டக்காரர்கள் புறப்படும் இடத்தில் கால் ஊன்றத் தாங்களே சிறு குழி தோண்டிக்கொள்வார்கள். லிடெல் ஓட்டத்துக்கு முன் எல்லாப் போட்டியாளர்களோடும் கைகுலுக்குவார். தோண்டும் கரண்டி இல்லாதவருக்குத் தன்னுடையதைக் கொடுப்பார். தன்னை முந்தக் கூடியவன் உறுதியாகக் கால் ஊன்ற அவரே உதவினார். எதிராளியை அயலானாகப் பார்ப்பது என்றால் இதுதான்.

லிடெலின் வாழ்வில் இதைவிடப் பெரிய பாடம் பின்னால் வந்தது. தங்கப் பதக்கத்துக்கு அடுத்த ஆண்டே ஆசிரியராகவும் ஊழியராகவும் சீனாவுக்குத் திரும்பினார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்கள் அவரை வெய்சியன் முகாமில் அடைத்தார்கள். பெற்றோரைப் பிரிந்த பல பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். அவர்களுக்கு ஆட்டங்களை ஏற்பாடு செய்தார். ஞாயிறு மட்டும் ஆட்டம் கிடையாது என்பது அவர் கொள்கை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் நடுவர் இல்லாமல் தாங்களாகவே ஹாக்கி ஆடினார்கள்; அது சண்டையில் முடிந்தது. அடுத்த ஞாயிறு லிடெல் மைதானத்துக்கு வந்து நடுவராக நின்றார். ஒலிம்பிக் பதக்கத்துக்காகத் தளர்த்தாத விதியை, பிள்ளைகள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகத் தளர்த்தினார். 1945 பிப்ரவரியில், விடுதலைக்குச் சில மாதங்கள் முன்பு, மூளைக் கட்டியால் அந்த முகாமிலேயே இறந்தார்.

பாரிஸில் அவர் செய்தது கொள்கை உறுதி. வெய்சியனில் செய்தது அன்பு. முதலாவதைப் பாராட்டுவது எளிது. சிறுவர் விளையாட்டுக்கு வேண்டியது இரண்டாவது. பிள்ளைகள் தாங்களாகவே நற்பண்போடு ஆடிவிடுவார்கள் என்று விட்டுவிட முடியாது. மைதானத்தில் ஒரு பெரியவர் நிற்க வேண்டும். அவர் கையில் விசில் இருந்தால் போதாது, மனதில் பரிவும் வேண்டும்.

ஒலிம்பிக்கில் வெல்வதைவிடப் பங்கேற்பதே பெரிது என்ற புகழ்பெற்ற கருத்தும் ஒரு தேவாலயத்திலிருந்துதான் புறப்பட்டது. 1908 லண்டன் ஒலிம்பிக்கின்போது செயின்ட் பால் பேராலயத்தில் அமெரிக்கப் பேராயர் எதல்பர்ட் டால்பட் ஆற்றிய அருளுரையின் சாரம் அது. நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிய பியர் தெ குபர்த்தென் அதை எடுத்துச் சொன்னதால் உலகெங்கும் பரவியது. அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே, ஓட்டப்பந்தயங்களுக்குப் பேர்போன கொரிந்து நகரத்தாருக்குக் கடிதம் எழுதிய பவுல், வாடிப்போகும் கிரீடத்துக்காக வீரர்கள் எவ்வளவு அடக்கத்தோடு பயிற்சி செய்கிறார்கள் என்று சுட்டிக்காட்டியிருக்கிறார். விதிப்படி ஆடாதவனுக்கு முடி சூட்டுவதில்லை என்ற கருத்தும் பவுலின் பெயரில் வழங்கும் நிருபம் ஒன்றில் வருகிறது. எல்லாவற்றுக்கும் அடியில், வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியனைத் தூக்கிய சமாரியனின் கதை இருக்கிறது. யார் என் அயலான் என்று கேட்டவனுக்கு இயேசு சொன்ன பதில் அது. உன் கூட்டத்தைச் சேராதவனும் உன் அயலான்தான் என்கிறது அந்தக் கதை. அதை மைதானத்துக்குக் கொண்டுவந்தால், எதிர் அணிச் சட்டை போட்டவனும் அயலான் ஆகிறான்.

இதைப் படிக்கும்போது திருத்தணி வாசகர் ஒருவர் கேட்கலாம்: முருகன் ஊரில் கிறிஸ்தவப் பாடம் எதற்கு? இந்த ஊரோடு பிறப்பால் தொடர்புடைய பெரியவர் ஒருவரின் வாழ்விலேயே அதற்கு விடை இருக்கிறது.

1888ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் திருத்தணியில் தொடக்கக் கல்வி கற்றபின் பெரும்பாலும் படித்தது கிறிஸ்தவ நிறுவனங்களில்தான்: திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளி, வேலூரில் ஆற்காடு மிஷனின் ஊரிஸ் கல்லூரி, பிறகு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. அங்கே ஆசிரியர்கள் சிலர் இந்து சமயத்தைக் குறைகூறிப் பேசியது அவரை வருத்தியது. அந்த விமர்சனத்துக்குப் பதில் சொல்லும் நோக்கில், வேதாந்தத்தின் அறநெறி பற்றி எம்.ஏ. பட்டத்துக்கு ஆய்வுரை எழுதினார். 1908இல் அது நூலாகவும் வந்தது. அவருடைய பேராசிரியர் ஏ. ஜி. ஹாக் ஒரு மிஷனரி; அந்த ஆய்வுரையின் வாதம் ஹாக்கின் தரப்புக்கு எதிரானது. அவர் கோபித்துக்கொள்வார் என்று மாணவர் அஞ்சினார். ஹாக் செய்தது வேறு. இந்த மாணவர் சிக்கலான தத்துவக் கேள்விகளை எவ்வளவு நன்றாக விளங்கிக்கொண்டிருக்கிறார் என்று பாராட்டிச் சான்று எழுதிக் கொடுத்தார்.

மைதானத்தில் நாம் எதிர்பார்க்கும் பண்பை ஹாக் வகுப்பறையில் காட்டினார். தன்னை எதிர்த்து நன்றாக ஆடியவனைப் பார்த்து நன்றாக ஆடினாய் என்று சொன்னார். ராதாகிருஷ்ணன் தன் சமயத்தை விடவில்லை, ஹாக்கும் விடவில்லை. இருவரில் யாரும் தோற்கவும் இல்லை. பின்னாளில் குடியரசுத் தலைவரான அந்த மாணவரின் பிறந்தநாளைத்தான் 1962 முதல் நாடு முழுவதும் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். அந்த நாளில் ஹாக் போன்ற ஆசிரியரையும் நினைத்துக்கொள்வது பொருத்தம். கிறிஸ்தவ விழுமியம் என்று இந்தத் தலையங்கம் சொல்வது மதமாற்றத்தை அல்ல. எதிரே நிற்பவனின் மதிப்பைக் குறைக்காமல் அவனோடு முழு மூச்சாகப் போட்டியிடும் பண்பையே சொல்கிறது. அந்தப் பண்பை ஒருவர் தன் சொந்த நம்பிக்கையிலிருந்தே பெறலாம்.

தமிழில் அதற்குப் பழைய வேர் உண்டு. வெண்ணிப் பறந்தலையில் கரிகாலன் சேரனை வென்றான். சேரனுக்கு முதுகில் புண் பட்டது. அதை இழிவென்று கருதி வடக்கிருந்து உயிர் விட்டான். வெண்ணிக்குயத்தியார் என்ற பெண்பாற் புலவர், வென்ற கரிகாலனின் முன்னே நின்று, நீ வென்றாய், ஆனால் உன்னைவிட நல்லவன் தோற்ற அவன் அல்லவா என்ற பொருளில் பாடினார். புறநானூற்றின் 66ஆம் பாடல் அது. வென்ற அரசனிடம் அப்படிச் சொல்ல ஒருவர் இருந்தார், அதைக் கேட்டுப் பொறுக்கும் அரசனும் இருந்தான் என்பது நம் மரபின் பெருமை. பகைவனுக்குத் துன்பம் வந்தபோது உதவுவதே வீரத்தின் கூர்மை என்று வள்ளுவரும் சொல்லியிருக்கிறார். தோற்றவனை மதிக்கும் பண்பு எந்த ஒரு மதத்தின் தனிச் சொத்தும் அல்ல. நவீனப் பள்ளி விளையாட்டுக்குள் அதை ஒரு முறையாகக் கொண்டுவந்த பணியில் கிறிஸ்தவ ஆசிரியர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த நன்றியை மனம் திறந்து சொல்வதால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

அந்த ஆசிரியர்களிடம் குறை இல்லாமல் இல்லை. பலருடைய மனதில் ஆளும் இனம் என்ற எண்ணம் இருந்தது. அடிமைப்பட்ட நாட்டின் பிள்ளைகளை ஆண்மையுள்ளவர்களாக ஆக்குகிறோம் என்று அவர்கள் பேசியதில் நம்மைக் கீழே வைக்கும் தொனி இருந்தது. சாதி வேற்றுமையைக் கடுமையாக எதிர்த்தவர்கள் உண்டு. அதோடு சமரசம் செய்துகொண்டவர்களும் உண்டு. நீதியாக ஆடு என்று மைதானத்தில் சொன்ன அதே பேரரசு மைதானத்துக்கு வெளியே நீதியாக நடக்கவில்லை. அவர்கள் சொன்னபடி எப்போதும் நடக்கவில்லை என்பதற்காக, சொன்னது பொய்யாகிவிடாது. அவர்களைவிட நேர்மையாக அதை நிறைவேற்றும் கடமையும் வாய்ப்பும் சுதந்திர நாட்டின் பள்ளிகளுக்கு உண்டு.

நாம் அதைச் செய்திருக்கிறோமா? பள்ளியில் பி.டி. பீரியட் வந்தால், போர்ஷன் முடியவில்லை என்று கணக்கு ஆசிரியரோ அறிவியல் ஆசிரியரோ அதை எடுத்துக்கொள்கிறார். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் மைதானமே மறந்துபோகிறது. மிஞ்சுவது போட்டிகள் மட்டும்: குறுவட்டம், மாவட்டம், மாநிலம், முதலமைச்சர் கோப்பை. அவை நல்ல ஏற்பாடுகள். எத்தனையோ ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு வழி திறந்திருக்கின்றன. ஆனால் ஆட்டம் முழுவதும் சான்றிதழில் வந்து முடியும்போது, கல்லூரி இடத்துக்கும் வேலைக்குமான மதிப்பெண்ணாக அது மாறும்போது, பெரியவர்களே பிள்ளைக்குத் தப்பு வழி காட்டத் தொடங்குகிறார்கள்.

அந்தத் தப்பு வழிகளில் மிகவும் கொடியது வயதைக் குறைத்துக் காட்டுவது. 14 வயதுக்குட்பட்டோர் பிரிவில் வயது கூடியவனை நிறுத்தினால், அங்கே நேர்மையாக வந்த சிறுவன் தன் குறையில்லாமலேயே தோற்கிறான். ஆட்டத்தின் மேலேயே அவனுக்கு வெறுப்பு வருகிறது. தேசிய அளவில் இதைத் தடுக்க ஒன்றிய விளையாட்டு அமைச்சகம் 2010இலேயே ஒரு நெறிமுறையைக் கொண்டுவர வேண்டியிருந்தது. எலும்பு வளர்ச்சியைப் படமெடுத்துத்தான் ஒரு பிள்ளையின் வயதை நம்ப முடியும் என்ற நிலைக்கு வந்திருக்கிறோம். பொய் வயதில் ஜெயிக்கும் பிள்ளைக்கும் அது நன்மை அல்ல. தன் திறமையை நம்பாதே, தந்திரத்தை நம்பு என்று அப்பாவும் பயிற்சியாளரும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

அடுத்தது ஊக்கமருந்து. உலக ஊக்கமருந்து தடுப்பு நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி, 2,000 மாதிரிகளுக்கு மேல் சோதித்த நாடுகளில் தடை செய்யப்பட்ட பொருள் கண்டறியப்பட்ட விகிதம் இந்தியாவில்தான் மிக அதிகம்: 3.2 விழுக்காடு. 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டியில் சோதனை அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் வீரர்கள் பலர் காணாமல் போனார்கள். ஆடவர் 100 மீட்டர் இறுதிப் போட்டியில் ஒரே ஒருவர்தான் ஓடினார். அந்தப் படத்தை நாட்டின் ஒவ்வொரு விளையாட்டு ஆசிரியரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எதிராளிகள் இல்லாத ஓட்டம் ஓட்டமே அல்ல. ஏமாற்று வளர்ந்தால் கடைசியில் ஆட்டமே மிஞ்சாது.

இவற்றுக்கெல்லாம் விதை தெருவில்தான் விழுகிறது. சின்னப் பிள்ளைகள் ஆடும்போது யாராவது தப்பு செய்தால் அழுகுணி ஆட்டம், போங்கு ஆட்டம் என்று மற்றவர்கள் கத்துவார்கள். அநியாயத்தைக் கண்டால் பொறுக்காத மனம் பிள்ளைகளுக்கு இயல்பாகவே இருக்கிறது. அவர்களுக்கு இயல்பாக வராதது வேறொன்று: தன் தப்பைத் தானே ஒப்புக்கொள்வது. வாலிபாலில் பந்து தன் விரலில் உரசி வெளியே போயிருந்தால், நடுவர் பார்க்காதபோதும் டச் ஆயிடுச்சு சார் என்று சொல்லும் பையன் தானாக உருவாவதில்லை. அவனை ஓர் ஆசிரியர் உருவாக்குகிறார். அந்த ஒரு புள்ளியால் ஆட்டமே போனாலும் அவனைத் தட்டிக்கொடுக்கும் ஆசிரியர் வேண்டும்.

பெரியவர்களின் மேடையில் அதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1980 பிப்ரவரியில் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிரான பொன்விழா டெஸ்டில் பாப் டெய்லர் அவுட் என்று நடுவர் சொல்லிவிட்டார். பந்து மட்டையில் படவில்லை என்று உணர்ந்த இந்தியத் தலைவர் குண்டப்பா விஸ்வநாத் அவரைத் திரும்ப அழைத்து ஆட வைத்தார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து ஆடிய ஆட்டம் போட்டியைத் திருப்பியது, இந்தியா தோற்றது. அந்தத் தோல்வியை இன்று யாரும் குறையாகச் சொல்வதில்லை. விஸ்வநாத்தின் பெயரைச் சொன்னால் அந்தச் செயலைத்தான் மரியாதையோடு நினைவுகூர்கிறார்கள்.

திருத்தணி வட்டாரப் பள்ளிகளும் மன்றங்களும், அவற்றைப் போன்ற எல்லா ஊர்களும், நாளைக்கே தொடங்கக் கூடிய சில காரியங்கள் உண்டு. பி.டி. பீரியடை யாருக்கும் கொடுக்காமல் காப்பாற்றுங்கள். அது பாட வேளைதான். ஒவ்வொரு போட்டியிலும் நன்னடத்தைக்கு ஒரு கோப்பை வையுங்கள். முதல் பரிசுக்குக் கொடுக்கும் அதே அளவுக் கோப்பையை, அதே மேடையில், அதே விருந்தினர் கையால் கொடுங்கள். ஆட்டம் முடிந்ததும் இரு அணிகளும் கைகுலுக்கினால் மட்டும் போதாது, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட ஏற்பாடு செய்யுங்கள். எல்லைக்கு அப்பால் நகரியிலிருந்து வரும் அணிக்கு நம் ஊர்ப் பிள்ளைகளே பரிமாறட்டும். சிறுவர் ஆட்டங்களில் நெய்ஸ்மித்தைப் போல் விதிகளையே மாற்றிப் பாருங்கள்: எல்லாப் பிள்ளைகளும் ஆடும்படி, வலுவானவன் ஒருவனே எல்லாவற்றையும் தட்டிக்கொண்டு போகாதபடி. பிறப்புச் சான்றில் கைவைக்கும் பயிற்சியாளரையும் பெற்றோரையும் ஊரே கண்டிக்கட்டும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஜெயித்தாயா என்று கேட்காதீர்கள். எதிர் அணியில் நன்றாக ஆடியது யார் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்லப் பழகும் பிள்ளை, நாளைக்கு அலுவலகத்திலும் அரசியலிலும் குடும்பத்திலும் தன்னோடு ஒத்துப்போகாதவனின் மதிப்பைப் பார்க்கக் கற்றிருக்கும்.

பி.டி. வாத்தியார்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. பள்ளியில் உங்களுக்கு மரியாதை குறைவாகக் கிடைத்திருக்கலாம். ஆனால் ஒரு பிள்ளை கோபம், பொறாமை, தோல்வி, அவமானம் எல்லாவற்றையும் உண்மையாகச் சந்திக்கும் இடம் உங்கள் மைதானம்தான். வேறெந்த வகுப்பறையிலும் அது நடப்பதில்லை. ஜெயிக்கக் கற்றுக்கொடுங்கள், தவறில்லை. அதற்கு முன்னால், எதிரே நிற்பவனை மதிக்கக் கற்றுக்கொடுங்கள். அவன் இல்லாமல் ஆட்டம் இல்லை.